கிணற்று நீரும் மலாவி மீனும்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி என் மனைவிக்குத் தீராத குறை ஒன்று உண்டு. புதுக் கேத்தில் வாங்கி மூன்று மாதம் செல்லுமுன் அதன் உட்புறம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் ஆகிவிடுகிறது. சவர்க்காரம் நுரைப்பதில்லை. தோய்த்த துணி மொரமொரவென்று நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்றை நம்பிக் குடித்தனம் நடத்தும் எவ்வீட்டிலும் இக்குறையைக் கேட்கலாம். எங்களுக்கு ஆறு இல்லை. பெய்கின்ற மழை மெல்லிய மண்படையினூடே இறங்கிச் சுண்ணக்கல்லிலே தங்குகிறது. தங்கிய நீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அந்நீரைக் கொதிக்கவைக்கும்போது கரைந்திருந்த கல் மீண்டும் கல்லாகப் படிகிறது. இருபது ஆண்டுகளாக இதற்குரிய சமன்பாட்டை நான் கரும்பலகையில் எழுதி வருகின்றேன். கேத்திலைச் சுரண்டி வருபவள் என் மனைவி.

இந்தத் தண்ணீருக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை 2021 ஆம் ஆண்டில்தான் அறிந்தேன். பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம். அப்போது ஆறாம் வகுப்பிலிருந்த என் மகள் வீட்டுக்குள் அடைபட்டுச் சலித்துப்போய், மீன் வளர்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். நகரத்தில் மீன் விற்பவர் என்னிடம் இரசாயனம் படித்த பழைய மாணவர். தங்கமீன் இரண்டு போதும் என்று சென்ற என்னை அவர் தடுத்தார்.

“சேர், எங்கட தண்ணியில கனக்க மீன் தப்பாது. தென்னமெரிக்க மீனுக்கெல்லாம் மழைத்தண்ணி மாதிரி மெதுவான தண்ணி வேணும். இதுக்கெண்டே பிறந்த மீன் ஒண்டு இருக்கு. ஆபிரிக்கச் சிக்லிட்.”

அவர் காட்டிய தொட்டியில், எலுமிச்சம்பழத்தின் மஞ்சளும் முதுகுச் செட்டையில் ஒரு கறுப்புக் கோடுமாக, விரல் நீள மீன்கள் கல்லுக்குக் கல் பாய்ந்துகொண்டிருந்தன. மகள் கண்ணாடியில் மூக்கை வைத்தவள் எடுக்கவேயில்லை.

ஆபிரிக்காவின் கிழக்குப் பாகத்தில் நிலம் பிளந்து உண்டான பெரும் பள்ளத்தாக்கிலே தங்கனிக்கா, மலாவி என்னும் இரு நீண்ட ஏரிகள் கிடக்கின்றன. மலாவி ஏரியின் நீளம் ஏறக்குறைய 580 கிலோமீற்றர். ஆழம் 700 மீற்றர். தங்கனிக்காவோ 1,470 மீற்றர் ஆழமுடையது. உலகில் அதனினும் ஆழமான ஏரி ஒன்றே. இவ்விரண்டுக்கும் வடக்கே, ஆழம் குறைந்து பரப்பில் விரிந்த விக்ரோறியா ஏரி இருக்கிறது. இவற்றுள்ளே சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்து மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகக் கிளைத்திருக்கின்றன. மலாவி ஒன்றிலேயே எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டென்பர். அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. நம் சந்தையிலே கிலோக் கணக்கில் விற்கும் திலாப்பியாவும் இதே குடும்பந்தான். 1952 ஆம் ஆண்டு ஆபிரிக்காவின் அந்த மீனை இலங்கைக் குளங்களிலே விட்டார்கள். எனவே ஆபிரிக்கச் சிக்லிட்டை அறியாதவர் நம்மவருள் இலர். குழம்பில் அறிந்திருக்கிறோம், அவ்வளவே.

மலாவியின் கரையோரப் பாறைகளிலே வாழும் சிறு மீன்களை அங்குள்ளோர் ‘ம்புனா’ என்பர். எங்கள் மஞ்சள் மீன் அக்கூட்டத்தைச் சேர்ந்தது. 1956 இல் ஜெஃப்ரி ஃபிரையர் என்னும் ஆங்கில அறிஞர் அதற்கு லபிடோக்குரோமிசு சிருலியசு என்று பெயரிட்டார். சிருலியசு என்றால் நீலம். மஞ்சள் மீனுக்கு நீலமென்று பெயர் வைப்பதா என்று மகள் சிரித்தாள். பெயர் பெற்ற மீன் வெளிர்நீலந்தான். ஏரியின் வேறொரு பகுதியில் வாழும் அதே இனத்தார் மஞ்சளாக இருக்கின்றனர்.

மலாவி நீர் காரத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் 7.7 முதல் 8.6 வரை. எங்கள் கிணற்று நீரை அளந்தேன். 8 என்று காட்டியது. உண்மையைச் சொன்னால் எங்கள் நீர் மலாவி நீரைவிடக் கடினமானது. ஆயினும் இங்கே சீமெந்துத் தொட்டிகளிற் பல தலைமுறை பிறந்து வளர்ந்த மீன்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வெப்பமூட்டியும் வேண்டியதில்லை; அவை விரும்பும் 25, 26 பாகைக்குக் குறையாமல் எங்கள் விறாந்தையே பார்த்துக்கொள்கிறது.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று கண்ணாடித் தொட்டி செய்வித்தோம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 255 இலீற்றர். ஓர் இலீற்றர் நீர் ஒரு கிலோ என்பது எல்லோரும் அறிந்ததே, ஆயினும் தச்சரிடம் முந்நூறு கிலோ தாங்கும் மேசை வேண்டுமென்றபோது, “மாஸ்டர், மீனுக்கோ ஆனைக்கோ?” என்று கேட்டார். பனஞ்சட்டத்தில் அவர் செய்து தந்த மேசை இன்றுவரை அசையவில்லை. மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு ரெஜிபோம் தகடு வைத்தோம். மேசைப்பலகையில் ஒரு சிறு மேடுபள்ளம் இருந்தாலும் கண்ணாடி அவ்விடத்தில் வெடிக்கும்.

கல் தேடும் வேலை எங்களுக்கு இருக்கவில்லை. துளைகள் நிறைந்த சுண்ணக்கல்லுக்கு மேலைநாட்டார் கடையிலே காசு கொடுக்கிறார்கள். எங்கள் வளவிலே அது காலில் இடறுகிறது. மகள் ஒவ்வொரு கல்லிலும் ஒரு துளி வினாகிரி விட்டு, நுரைத்தால் சுண்ணக்கல் என்று சோதித்தாள். கற்களைத் தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவைத்தோம். இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. மணலைப் பரப்பிவிட்டு அதன்மேற் கல்லை அடுக்கலாகாது. இந்த மீன்கள் மணலை வாயால் அள்ளி அள்ளிக் குழி தோண்டுவன. அடியிலுள்ள மணல் போனால் கல் சரியும். கல் சரிந்தால் கண்ணாடி போகும். ஆகவே ரெஜிபோம் தகடொன்றைத் தொட்டியின் அடியிலும் இட்டு, அதன்மேற் கற்களைக் குகை குகையாக நிலைநிறுத்திய பின்னரே மணலைச் சொரிந்தோம். தண்ணீர்ச் செடி வைக்கவில்லை. வைத்தால் இரண்டே நாளிற் பிடுங்கிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

சனிக்கிழமை நீர் நிரப்பினோம். திங்களன்று தொட்டி பளிங்குபோற் தெளிந்திருந்தது. அன்றே எட்டு மஞ்சள் மீன்களைக் கொண்டுவந்து விட்டோம். இந்த இடத்திலேதான் இருபது ஆண்டு இரசாயனம் படிப்பித்த ஆசிரியன் ஒருவனின் மதிப்பு அவன் மகளின் கண்முன்னே கப்பலேறியது.

ஐந்தாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன. காற்றுப் போதவில்லை என்றெண்ணி இன்னொரு காற்றூதியைப் பொருத்தினேன். பசியாக இருக்குமோ என்று உணவையும் கூட்டினேன். எட்டாம் நாள் மூன்று மீன்கள் மல்லாந்து மிதந்தன. பத்தாம் நாள் இரண்டே எஞ்சின. மகள் இறந்த ஆறையும் செவ்வரத்தையின் கீழே புதைத்துவிட்டு வந்து கேட்டாள்:

“தண்ணி தெளிவாத்தானே கிடக்கு, அப்பா? பிறகேன் செத்தது?”

விடை எனக்குத் தெரியும். உயர்தர வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் விடை. மீன் தன் உடற்கழிவை அமோனியாவாகச் செவுளின் வழியே விடுகிறது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்குகிறது. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, அளவு மீறாதவரை, தீங்கில்லாதது. 1890 ஆம் ஆண்டளவிலேயே வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞர் இப்பற்றீரியாக்களைப் பிரித்தறிந்துவிட்டார். ஏரியிலே அவை பாறைதோறும் வாழ்கின்றன. கழுவிக் காயவைத்த கல்லும் புதிய ஸ்பொஞ்சும் கொண்ட என் தொட்டியில் அவற்றுக்கு இடமிருந்தது, அவை இருக்கவில்லை. குடிவந்து பெருக நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். நான் கொடுத்தது இரண்டு நாள்.

இதிலே எனக்கு உறுத்தியது இன்னொன்று. கரைந்த அமோனியாவில் ஒரு பகுதியே கொடிய நஞ்சு. மற்றப் பகுதி ஐதரசன் அயனொன்றைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறையச் சாதுவாகிவிடுகிறது. பீ.எச். ஒரு படி உயர்ந்தால் நஞ்சுப் பகுதி ஏறக்குறையப் பத்து மடங்காகும். அதாவது, எந்தத் தண்ணீரின் காரத்தன்மையைக் கண்டு இந்த மீனைத் தெரிந்தெடுத்தேனோ, அதே காரத்தன்மைதான் என் அவசரத்தைக் கொலையாக்கியது. இதையெல்லாம் மகளுக்கு விளக்கினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்குத் தெரிஞ்ச பாடம்தானே அப்பா?” என்றாள்.

எஞ்சிய இரண்டையும் கடைக்கே கொடுத்துவிட்டோம். கடைக்காரரின் பழைய வடிகட்டி ஸ்பொஞ்சைப் பிழிந்த அழுக்கை ஒரு போத்தலில் வாங்கி வந்து எங்கள் தொட்டியில் ஊற்றினோம். மீனில்லாத தொட்டிக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவைப் போட்டு அழுகவிட்டோம். வீட்டுக்கு வந்தவர்கள் மீனெங்கே என்று கேட்டால் மகள், “இப்ப பற்றீரியா வளக்கிறம்” என்பாள். சோதனைத் திரவங்கள் அடங்கிய பெட்டியொன்று வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறும் புதனும் அவள் அளந்து கொப்பியில் வரைபு வரைந்தாள். முதலில் அமோனியா ஏறி இறங்கிற்று. அதன் பின்னால் நைத்திரைற்று ஏறிற்று. முப்பத்தெட்டாம் நாள் இரண்டும் தரைதொட்டு, நைத்திரேற்று மாத்திரம் நின்றது. என் பாடக்குறிப்பில் இரண்டாம் வகைப் பற்றீரியாவின் பெயர் நைத்திரோபற்றர் என்றிருக்கிறது. மீன்தொட்டிகளை ஆராய்ந்தவர்கள் 1990களின் பிற்பகுதியில், அங்கே அவ்வேலையைச் செய்வது நைத்திரோசுப்பைரா என்று கண்டனர். குறிப்பைத் திருத்திக்கொண்டேன்.

அதன்பின் பதினாறு மீன்கள் வந்தன. நாலடித் தொட்டிக்குப் பதினாறு அதிகமென்று தோன்றும். ம்புனாவுக்கு அப்படியன்று. மூன்று நான்கு மட்டும் விட்டால் வலியது எளியதைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். பலவாயின் அடி எல்லோருக்கும் பங்காகி ஒருவரும் சாவதில்லை. பெரிய வடிகட்டியும் கிழமைதோறும் நீர்மாற்றமும் இருந்தாற்றான் இந்த நெருக்கம் தாங்கும். ஆசையால் ஔராற்றசு என்னும் வரிமீன் ஒன்றையும் சேர்த்திருந்தேன். ஒரு கிழமைக்குள் அது தொட்டி முழுவதையும் தன் சீதனக் காணியாக்கி, ஏனைய பதினைந்தையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டது. கற்களை மாற்றியடுக்கிப் பார்த்தேன். எல்லை குழம்பினால் சண்டை தணியும் என்பர். இரண்டு நாள் தணிந்தது. அதனையும் கடைக்காரரிடமே ஒப்படைத்தேன். இத்தகையவர் ஒருவர் எந்த ஆசிரியர் அறையிலும் இருப்பார்; அங்கே கற்களை மாற்றியடுக்கவும் வழியில்லை.

என் தாயார் சுத்த சைவம். வீட்டுக்குள் மீன் வருவதே அவருக்கு உவப்பில்லை. அவற்றுக்குப் புழு கொடுப்பதாகக் கேள்விப்பட்டு மேலும் முகஞ்சுளித்தார்.

“தம்பி, உதுகளுக்கு என்ன சாப்பாடு?”

“அம்மா, இந்தச் சாதி மீனிலே கனக்க, பாறையிலே படியிற பாசியைத்தான் சுரண்டித் தின்னும். புழுவும் இறைச்சியும் கூடினால் வயிறு ஊதிச் செத்துப்போம்.”

அம்மா கண்ணாடியை நெருங்கி வந்து நெடுநேரம் பார்த்தார். “அப்ப சைவம் எண்டு சொல்லு” என்றார். அன்றிலிருந்து வெள்ளிதோறும் வெந்நீரில் வாட்டிய பசளிக்கீரை அவர் கையாலேயே தொட்டிக்குப் போகிறது. மஞ்சள் மீன் ஏரியிலே பாறையிடுக்கிலுள்ள சிறு பூச்சிகளையும் பொறுக்கித் தின்னும் என்ற உண்மையை நான் இதுவரை அவருக்குச் சொல்லவில்லை. இக்கட்டுரையை அவர் வாசிக்கமாட்டார் என நம்புகிறேன்.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒரு பெண்மீன் கீரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதன் தாடை பருத்திருந்தது. இவ்வினத்துப் பெண் தான் இட்ட முட்டையை உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் அடிச்செட்டையில் முட்டை போன்ற புள்ளிகள் உண்டு. அவற்றையும் முட்டையென்றெண்ணிப் பெண் வாய்வைக்கும்போது வாயிலுள்ள முட்டைகள் கருக்கட்டுகின்றன என்று 1962 ஆம் ஆண்டு வூல்ஃப்காங் விக்லர் என்னும் விலங்கியலறிஞர் விளக்கினார். புள்ளியின் பயன் இனத்துக்கினம் வேறுபடும் என்று பின்வந்தோர் கூறுவர். புள்ளி எவ்வாறாயினும், ஏறக்குறைய மூன்று கிழமை அந்தத் தாய் உண்ணாமல் இருக்கிறது. அம்மா நாளெண்ணிக்கொண்டிருந்தார். “நாங்கள் கந்தசஷ்டிக்கு ஆறுநாள் இருக்கவே எவ்வளவு பாடு. இது மூண்டு கிழமை” என்றார். இருபத்திரண்டாம் நாள் அது ஒரு கல்லிடுக்கில் வாயைத் திறந்தது. பதினான்கு குஞ்சுகள், நெற்றளவில், அந்த மஞ்சளோடே வெளிவந்தன. மற்றவை தின்றுவிடாமல் அவற்றை வேறாக எடுத்து வளர்த்தோம்.

2022 இன் மின்வெட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச்சு மாத இறுதியில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. நீரின் வெப்பம் 31 பாகை. வெந்த நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். வடிகட்டியில் நீரோட்டம் நின்றால் அதிலுள்ள பற்றீரியாவும் மூச்சுமுட்டும். நாங்கள் நால்வரும் முறைவைத்து, செம்பால் நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டேயிருந்தோம். அம்மா தேவாரம் பாடிக்கொண்டு ஊற்றினார். அந்தக் கிழமையில் நான்கு மீன்கள் போயின. பிறகு மின்கலத்தில் இயங்கும் காற்றூதி ஒன்று வாங்கினேன்.

நிற்க. இனி நான் சொல்லவிருப்பதற்கும் மீனுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம்.

பற்றீரியா நைத்திரேற்றோடு தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதனைத் தொட்டியிலிருந்து அகற்றும் எளிய வழி நீரை மாற்றுவதே. ஞாயிறுதோறும் மூன்றிலொரு பங்கு நீரை வெளியேற்றிச் செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டுக் கிணற்றிலிருந்து புதுநீர் வார்ப்போம். 2023 ஆம் ஆண்டு ஆனி மாதமளவில் தொட்டியின் கண்ணாடியெங்கும் பாசி படரலாயிற்று. மகள் நைத்திரேற்றை அளந்தாள்; சோதனைக்குழாய் செக்கச்சிவந்தது. வண்ண அட்டையிலே 40 க்கும் 80 க்கும் நடுவான நிறம். உணவைக் குறைத்தோம். அரைவாசி நீரை மாற்றினோம். மறுநாள் அளந்தால் அதே சிவப்பு. மறுபடியும் அரைவாசி மாற்றினோம். அதே சிவப்பு.

“அப்பா, நாங்கள் ஊத்திற தண்ணியை ஒருக்கா அளப்பமா?” என்றாள் அவள்.

எனக்கு அது தோன்றவில்லை. கிணற்றிலிருந்து நேரே அள்ளிய நீரைக் குழாயில் எடுத்து, திரவங்களை விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தோம். தொட்டி நீரின் குழாயையும் கிணற்று நீரின் குழாயையும் அருகருகே பிடித்துப் பார்த்தேன். எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை.

அப்போது என் தங்கை பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றரை மாதம். பால் போதாமையால் இரண்டு கிழமையாகப் புட்டிப்பாலும் கொடுத்துவந்தார்கள். அதற்கு மாக் கரைத்த நீர், எங்கள் கேத்திலில் கொதித்த எங்கள் கிணற்று நீர்.

குடிநீரில் நைத்திரேற்று ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அவ்வெல்லை முக்கியமாகப் புட்டிப்பால் அருந்தும் சிசுக்களை எண்ணியே வகுக்கப்பட்டது. சிசுவின் வயிற்றிலே நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திற் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைச் செயலிழக்கச் செய்யலாம். உதடும் நகமும் நீலம்பாரிக்கும். நைத்திரைற்று மிகுந்த தொட்டியில் மீனின் இரத்தம் கபில நிறமாகி, காற்றிருந்தும் அது மூச்சுத் திணறுவதும் இதே இரசாயனம். ஆறு மீன்களின் சிவந்த செவுள் என் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்த் தொட்டிலில் உறங்கிய குழந்தையின் விரல்நகங்களைப் பார்த்தேன். நல்ல சிவப்பாகத்தான் இருந்தன. மறுபடியும் பார்த்தேன்.

“அண்ணா, கொதிக்க வைச்சு ஆறவைச்சுத்தானே கரைக்கிறன்?” என்றாள் தங்கை.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கேத்திலில் கல்லும் படியும். நைத்திரேற்று ஆவியாகவும் மாட்டாது, படியவும் மாட்டாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதைச் சொன்னபோது தங்கை ஒன்றும் பேசாமல் கையிலிருந்த புட்டியை மேசையில் வைத்தாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உன்ர அப்பப்பா வெட்டின கிணறு. அவர் குடிச்சார், உன்ர அப்பா குடிச்சார், நீ குடிச்சு வளந்தாய். இப்ப மீன்பெட்டிக்கு வாங்கின மருந்தை வைச்சுக் கொண்டு கிணறு கூடாதெண்டு சொல்லுறாய்.”

அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயமுண்டு. மீன்பெட்டிக்கு வாங்கின திரவம் குடிநீருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே போத்தலில் நீரெடுத்து முறைப்படி பரிசோதிக்கக் கொடுத்தேன். பதில் வரும்வரை குழந்தைக்கு வெளியிலிருந்து சுத்திகரித்த நீர் வாங்கினோம். வந்த பதிலில் அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. வைத்தியர் குழந்தையைப் பார்த்துக் குறையொன்றுமில்லை என்றார். நீரை மாற்றியது நல்லது என்றார். அன்றிரவுதான் தங்கை உறங்கினாள்.

அப்பப்பா காலத்துக் கிணறும் இன்றைய கிணறும் ஒன்றல்ல என்பதை அம்மாவுக்கு விளக்குவது மாணவருக்கு விளக்குவதைவிடக் கடினமாயிருந்தது. அப்பப்பா தோட்டத்துக்கு ஆட்டெருவும் குழையும் தாட்டார். வேலிக்கு அப்பாலுள்ள வெங்காயத் தோட்டத்துக்கு இன்று யூரியா போகிறது. மண்ணோ மெல்லியது, கீழே துளைநிறைந்த கல். பயிர் எடுத்தது போக எஞ்சியது நீரோடு இறங்கிவிடும். தோட்டக்கார அண்ணையிடம் இதைக் கதைத்தேன். பொறுமையாகக் கேட்டவர், “மாஸ்டர், உங்கட மலகூடக் குழி கிணத்திலயிருந்து எவ்வளவு தூரம்?” என்றார். வீட்டுக்கு வந்து அளந்தேன். முப்பது அடி. அது என் தகப்பனார் கட்டியது. பத்தாண்டுக்கு முன் பெருப்பித்தவன் நான்.

இதே கழிவும் உரமும் விக்ரோறியா ஏரியில் வேறு விதமாக வெளிப்படுகின்றன. அங்கே சத்து மிகுந்து பாசி பெருகி நீர் கலங்கிப்போகிறது. அவ்வேரிச் சிக்லிட்டுகளில் பெண் தன் இனத்து ஆணை நிறத்தால் அறிவது. கலங்கிய நீரில் நிறம் தெரியாமல் இனங்கள் கலந்து மறைகின்றன என்று 1997 இல் ஓலே சீஹவுசனும் அவருடன் ஆராய்ந்தோரும் காட்டினர். ஏரி கலங்குவதால் பார்ப்பவருக்குத் தெரிகிறது. எங்கள் கிணற்றிலே வெயில் படாத நீரில் பாசியும் வளர்வதில்லை. எட்டிப் பார்த்தால் அடியிலுள்ள கல் எண்ணலாம்.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த நீர் வாங்குகிறோம். கேத்திலில் கல் படிவதில்லை. புதிய மலகூடக் குழி வளவின் மறுகோடியில் இருக்கிறது. தோட்டக்கார அண்ணை தாம் உரத்தைக் குறைத்ததாகச் சொல்கிறார். ஒரேயடியாக இடாமல் பகுதி பகுதியாக இடுகிறாராம். மழைக்காலத்தில் ஓட்டுக் கூரையிலிருந்து வரும் நீரைத் தாங்கியிற் சேர்த்து, கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்து தொட்டிக்கு வார்க்கிறோம். அவ்வாறு கலந்ததில் நைத்திரேற்றும் குறைந்தது. கடினமும் குறைந்து, மலாவி ஏரியின் உண்மை நீருக்கு இன்னும் அருகில் வந்திருக்கிறது. பீ.எச். விழாமல் சுண்ணக்கற்கள் பார்த்துக்கொள்கின்றன. தொட்டியின் பின்மூலையில் மணிபிளான்ற் கொடியொன்று, வேரை நீரிலும் இலையைக் காற்றிலுமாக வைத்துக்கொண்டு, தன்னாலான நைத்திரேற்றை உறிஞ்சிச் செழித்திருக்கிறது. வேரை மீன்கள் அவ்வப்போது கடித்துப் பார்க்கின்றன.

மகளின் கொப்பி இரண்டாவது கொப்பியாகிவிட்டது. முன்பு ‘தொட்டி’ என்று ஒரே நிரல் இருந்த இடத்தில் இப்போது ‘தொட்டி’, ‘கிணறு’ என்று இரண்டு நிரல்கள். சென்ற மாரி கழிந்து அளந்தபோது கிணற்றின் எண் கூடியிருந்தது. பங்குனியில் சிறிது இறங்கிற்று. தங்கையின் பிள்ளை ஓடித்திரிகிறான். வரும்போதெல்லாம் கண்ணாடியில் இரு கையையும் பதித்து, “மஞ்சள், மஞ்சள்” என்று கத்துகிறான். கந்தசஷ்டி விரதம் பிடித்த மீனின் பேரக்குஞ்சுகள் அவன் விரலைத் துரத்துகின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் சோதனைக்குழாய்களை விறாந்தையில் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருப்பாள். அந்நேரம் பார்த்து அம்மாவுக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கும். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டுவார். பிறகு தொட்டியின் பக்கம் திரும்பாமலே கேட்பார்:

“பிள்ளை, கிணறு இண்டைக்கு எவ்வளவாம்?”